மீந்த சாப்பாட்டுல பழைய காலத்து கார லோஃப்: எல்லாரும் கேக்குற கேள்விகள்

பெங்களூரு அல்சூர்ல எங்க அபார்ட்மென்ட் லேடீஸ் குரூப்லயும் சரி, சொந்தக்காரங்க கூட பேசும்போதும் சரி, இந்த லோஃப் பத்தி ஒரே சந்தேகம்தான் சுத்திச் சுத்தி வருது. ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா வாய்ஸ் மெசேஜ் அனுப்புறதுக்கு பதிலா எல்லாத்தையும் ஒரே இடத்துல எழுதி வெச்சுடறேன். கேள்விய அவங்கவங்க கேட்ட மாதிரியே போட்டிருக்கேன். மேல இருக்கறது முதல் தடவ செய்யப் போறவங்களுக்கு, கீழ போகப் போக ஏற்கெனவே செஞ்சு பாத்து எங்கயோ மாட்டிக்கிட்டவங்களுக்கு.

லோஃப்னா பிரெட் தானே அக்கா? இதுல ஈஸ்ட் எங்க?

பிரெட் இல்லப்பா. ஈஸ்ட், மைதா, பிசையறது, பொங்க விடறது எதுவுமே கிடையாது. வடிச்ச சாதம், வெந்த பருப்பு, பிரெட் தூள், வறுத்த வேர்க்கடலை, வெங்காயம் எல்லாத்தையும் முட்டையும் பாலும் ஊத்தி கலந்து டின்ல அமுக்கி அவன்ல வேக வெக்கறது, அவ்ளோதான். ஆறினதும் ஸ்லைஸ் போட்டு சாப்பிடலாம்.

நம்ம ஐயங்கார் பேக்கரி காரா பிரெட்ட மனசுல வெச்சுக்கிட்டு செஞ்சீங்கன்னா ஏமாந்துடுவீங்க, அது மெத்து மெத்துன்னு இருக்கும், இது கையில எடுத்தா கனமா இருக்கும், ஓரம் மொறுமொறுன்னு, உள்ள ஈரப்பதத்தோட கெட்டியா இருக்கும். கட்லெட் கலவைய உருட்டாம மொத்தமா டின்ல போட்டு சுட்டா எப்படி இருக்குமோ அப்படி.

இது எந்தக் காலத்து ரெசிபி? யாரு கண்டுபிடிச்சது?

ஒரு ஆளு பேர சொல்ல முடியாது, பஞ்ச காலத்துலயும் சண்டை காலத்துலயும் வீட்டு வீட்டுக்கு செஞ்சது. அமெரிக்கா 1917ல முதல் உலகப்போர்ல இறங்கினப்போ ஹெர்பர்ட் ஹூவர் தலைமையில உணவு நிர்வாகம்னு ஒண்ணு வெச்சாங்க, கறி இல்லாத நாள், கோதுமை இல்லாத நாள்னு வாரத்துல ஒதுக்கி வெக்கச் சொல்லி வீடுகள கேட்டுக்கிட்டாங்க. அந்த சமயத்துலதான் வேர்க்கடலை லோஃப், பீன்ஸ் லோஃப், ரைஸ் லோஃப் எல்லாம் கறிக்கு பதிலா டேபிளுக்கு வந்துச்சு. அப்புறம் 1930கள்ல பொருளாதாரம் படுத்தப்போ திரும்பவும் இதுவே கைகொடுத்துச்சு.

இங்கிலாந்துல 1940 ஜனவரில ரேஷன் ஆரம்பிச்சு 1954 ஜூலை வரைக்கும் இழுத்துச்சு. சண்டை முடிஞ்சும் ஒம்பது வருஷம்! ஒரு ஆளுக்கு வாரத்துக்கு ஒரு முட்டைதான்னு இருந்த காலம், அதனால நேத்து மீந்தத இன்னிக்கு உருப்படியா மாத்துறது அங்க பொம்பளைங்களுக்கு தினசரி வேலையா இருந்துச்சு. இந்த ரெசிபியோட மூளையே அதுதான்: சாமான் எது வேணா மாறலாம், பங்கு மாறக் கூடாது. இத ஞாபகம் வெச்சுக்கோங்க, கீழ பாதி கேள்விக்கு பதில் இதுல இருந்துதான் வரப்போகுது.

நம்ம பக்கத்துக்கும் இது ரொம்ப அந்நியம் இல்ல. 1809ல கன்டோன்மென்ட் (வெள்ளைக்காரங்க பட்டாளத்து குடியிருப்பு) வந்தப்புறம் அல்சூர், சிவாஜி நகர் பக்கமெல்லாம் தமிழ்க்காரங்க வந்து குடியேறினாங்க, நெறைய பேரு வெள்ளைக்காரங்க வீட்டுலயும் ஆங்கிலோ இந்தியன் வீட்டுலயும் சமையல் வேலை பாத்தாங்க. ஞாயித்துக்கிழமை ரோஸ்ட் மீந்தா அத ஜால்ஃப்ரேசி (வெங்காயம், மிளகா போட்டு வதக்கறது) ஆக்குற வழக்கம் அந்த அடுப்படில வந்ததுதான்.

கதை போதும், அளவு சொல்லுங்க

2 கப் வெந்த சமாச்சாரம் (சாதம் மட்டும், இல்ல ஒன்றரை கப் சாதமும் அரை கப் கெட்டி பருப்பும்), 1 கப் பழைய பிரெட்ட மிக்ஸில பொடிச்ச தூள், 1 கப் வறுத்து தோல் நீக்கி ஒன்னும் ரெண்டுமா பொடிச்ச வேர்க்கடலை, முக்கால் கப் பால், 2 முட்டை, ஒரு பெரிய வெங்காயம் பொடியா நறுக்கினது, 2 டேபிள்ஸ்பூன் வெண்ணெய், மிளகுத்தூள் அரை ஸ்பூன், ஒரு கைப்பிடி கொத்தமல்லி. கப்புன்னா 240 மில்லி. உப்பு அளவு இங்க வேணும்னே போடல, அதுக்கு தனியா கேள்வி இருக்கு கீழ.

வெண்ணெய்ல வெங்காயத்த பொன்னிறமா வதக்கி ஆற விடுங்க. பிரெட் தூள்ல பால ஊத்தி பத்து நிமிஷம் ஊற விடுங்க, இத அவசரப்பட்டு விட்டுடாதீங்க. அப்புறம் எல்லாத்தையும் போட்டு கையாலயே கலந்து, கடைசில அடிச்ச முட்டைய ஊத்துங்க. ஸ்பூன்ல அள்ளி சாய்ச்சா பொத்துன்னு விழவும் கூடாது, ஒட்டிக்கிட்டு நிக்கவும் கூடாது, மெதுவா சறுக்கி விழணும். 8க்கு 4 இன்ச் பிரெட் டின்ல பட்டர் பேப்பர் போட்டு, மூலையெல்லாம் அமுக்கி நெரப்பி, முன்னாடியே சூடு பண்ண ஓடிஜில (மேடை மேல வெக்கற சின்ன கரண்ட் அவன்) 180 டிகிரில 45ல இருந்து 50 நிமிஷம். எடுத்ததும் வெட்டாதீங்க, இருபது நிமிஷம் டின்லயே இருக்கட்டும்.

பழைய புக்குல எத்தனை டிகிரின்னே போடல, மிதமான அவன்னு மட்டும் இருக்கு. வெண்ணெய் முட்டை சைஸாம். இத வெச்சு எப்படி செய்யறது?

அந்தக் காலத்து அடுப்புல டிகிரி முள்ளு கிடையாது, விறகோ கரியோ போட்டு கைய உள்ள நீட்டிப் பாத்து சூடு கணிச்சாங்க. மிதமான அவன்னா 350 பாரன்ஹீட், நமக்கு 175ல இருந்து 180 செல்சியஸ். மெதுவான அவன்னா 150, சூடான அவன்னா 200க்கு மேல. பிரிட்டிஷ் ரெசிபில கேஸ் மார்க் 4ன்னு இருந்தாலும் அதே 180தான்.

முட்டை சைஸ் வெண்ணெய்னா கிட்டத்தட்ட 55 கிராம், வால்நட் சைஸ்னா அதுல பாதி. பைன்ட்னு வந்தா மட்டும் ரெசிபி எந்த ஊருதுன்னு பாருங்க, அமெரிக்க பைன்ட் 473 மில்லி, பிரிட்டிஷ் பைன்ட் 568 மில்லி. கிட்டத்தட்ட 100 மில்லி வித்தியாசம், அவ்வளவு பால் கூடிடுச்சுன்னா லோஃப் நிக்கவே நிக்காது.

எங்க வீட்ல ஓடிஜி இல்ல. குக்கர்ல வருமா ஆன்ட்டி?

வரும். ஆனா குக்கர்ல உப்பு கொட்டி காய வெச்சு சுடறத விட ஆவில வேக வெக்கறதுதான் எனக்கு சரின்னு படுது, அலுமினிய குக்கர தண்ணி இல்லாம முக்கா மணி நேரம் அடுப்புல வெச்சா குக்கர்தான் வீணாகும். இட்லி பானைல தண்ணி ஊத்தி, டின்ன ஃபாயில் போட்டு நல்லா மூடி, மிதமான தீயில ஒரு மணி நேரம் வெச்சிடுங்க. குக்கர்ல வெச்சா வெயிட் போடாதீங்க, நடுவுல தண்ணி இருக்கான்னு பாத்துக்கோங்க. பெங்களூரு கடல் மட்டத்துல இருந்து 900 மீட்டர் உசரத்துல இருக்கறதால இங்க தண்ணி 97 டிகிரிலயே கொதிச்சுடும், சென்னைல இருக்கற உங்க அக்கா 50 நிமிஷத்துல எடுத்தாங்கன்னா நீங்க கொஞ்சம் சேத்து விடுங்க.

ஆவில வெந்தது வெளிய மொறுமொறுப்பு இல்லாம வெளுத்துப் போய் இருக்கும். நல்லா ஆறினதும் ஸ்லைஸ் போட்டு தோசைக்கல்லுல நெய் விட்டு ரெண்டு பக்கமும் சிவக்க எடுத்தீங்கன்னா அவன்ல சுட்டத விட இதுவே தேவலாம்னு எங்க வீட்ல சொல்றவங்க இருக்காங்க.

நாங்க முட்டை சேத்துக்க மாட்டோம். என்ன போடலாம்?

கடலை மாவு. 2 முட்டைக்கு 4 டேபிள்ஸ்பூன் கடலை மாவ 6 டேபிள்ஸ்பூன் தண்ணில கட்டி இல்லாம கரைச்சு ஊத்துங்க, கூட ஒரு சின்ன உருளைக்கிழங்க வேக வெச்சு மசிச்சு சேத்துக்கோங்க. அவன்ல பத்து நிமிஷம் கூடுதலா விடணும், இல்லன்னா பச்சை வாசனை அடிக்கும். ஆளி விதை பொடியும் போடலாம், ஒரு முட்டைக்கு 1 ஸ்பூன் பொடி, 3 ஸ்பூன் தண்ணி, பத்து நிமிஷம் ஊறினா கொழகொழன்னு வரும், ஆனா அது மட்டும் போட்டா பிடிப்பு பத்தாது.

முட்டை இல்லாம செஞ்சத சூடா வெட்டவே வெட்டாதீங்க. முழுசா ஆற வெச்சு, முடிஞ்சா ஃப்ரிட்ஜ்ல ஒரு மணி நேரம் வெச்சு அப்புறம் கத்தி போடுங்க.

என்னென்ன மீந்தது போடலாம், எது போடவே கூடாது?

மேல சொன்ன பங்குல மூணு வேலை இருக்கு. 2 கப் வெந்தது உடம்பு, 1 கப் பிரெட் தூள் ஈரத்த உறிஞ்சறதுக்கு, 1 கப் கடலை பல்லுக்கு கடிக்க. உங்க கையில இருக்கற மீந்தது இந்த மூணுல எந்த வேலைய செய்யும்னு பாத்தா போதும்.

உடம்புக்கு வெண்பொங்கல் ரொம்ப நல்லா வரும், அதுலயே மிளகு, நெய், இஞ்சி எல்லாம் இருக்கறதால வேற ஒண்ணும் பெருசா தேவைப்படாது. லெமன் சாதம், புளியோதரை, பிசிபேளாபாத், உப்புமா எல்லாம் ஓகே. பிசிபேளாபாத் தளதளன்னு இருந்தா பால கால் கப்புக்கு குறைச்சுடுங்க. உறிஞ்சறதுக்கு பிரெட் தூள் இல்லன்னா நேத்து இட்லிய உதிர்த்து போடுங்க, காஞ்ச சப்பாத்திய மிக்ஸில பொடிச்சு போடுங்க, ரெண்டுமே அருமையா உறிஞ்சும். பீன்ஸ், கேரட், கோஸ் பொரியல் எல்லாம் உடம்புல அரை கப் வரைக்கும் சாதத்துக்கு பதிலா சேக்கலாம். டிசம்பர், ஜனவரில அவரைக்காய் சீசன்ல உரிச்ச அவரை பருப்பு வேக வெச்சது மீந்ததுன்னா விடாதீங்க, வெட்டும்போது பச்சை பச்சையா தெரியும், அந்த வாசனைக்காகவே செய்யலாம்.

வேணாம்னு சொல்றது: தயிர் சாதம் (புளிச்சு, தண்ணி விட்டு, லோஃப் நடுவுல களி ஆயிடும்), மீன் குழம்பு, வெண்டைக்காய், கீரை மசியல், பழைய சோறு. பழைய சோத்த மோர் ஊத்தி சின்ன வெங்காயத்தோட சாப்பிடறத விட்டுட்டு அவன்ல வெக்க ஒரு காரணமும் இல்ல. தேங்கா நெறைய போட்ட பொரியல், கூட்டு மட்டும் அன்னிக்கே ஃப்ரிட்ஜ்ல போயிருக்கணும், தேங்கா சீக்கிரம் ஊசிடும்.

சாதம் எத்தனை நாள் பழசு வரைக்கும் போடலாம்?

நேத்து ராத்திரி சாதம், ராத்திரியே ஃப்ரிட்ஜ்ல போயிருந்தா, இன்னிக்கு. அதுக்கு மேல நான் போட மாட்டேன். பிரிட்டன் உணவுத் தர அமைப்பும் சாதத்த ஃப்ரிட்ஜ்ல ஒரு நாளுக்கு மேல வெக்காதீங்கன்னுதான் சொல்லுது. பொரியல், பருப்பு மாதிரி மத்தது மூணு நாள் வரைக்கும் தாங்கும், அதுவும் சமைச்ச ரெண்டு மணி நேரத்துக்குள்ள ஃப்ரிட்ஜ்ல வெச்சிருந்தா.

சாதத்துக்கு ஏன் இவ்ளோ கெடுபிடின்னா, பச்சரிசியோ புழுங்கலோ எதுலயுமே பேசில்லஸ் செரியஸ்னு ஒரு பாக்டீரியாவோட வித்து ஒட்டிக்கிட்டு இருக்கும், கொதிக்க வெச்சாலும் அது சாகாது. வடிச்ச சாதம் வெளியவே வெதுவெதுன்னு கெடந்தா அந்த வித்து முளைச்சு பெருகி விஷத்த உண்டாக்கும். சூடா பெரிய பாத்திரத்தோட ஃப்ரிட்ஜ்ல வெச்சாலும் நடுவுல ஆற மணிக்கணக்கா ஆகும், அதனால அகலமான தட்டுல பரப்பி ஆற விட்டு டப்பால போட்டு வையுங்க. நம்ம ஊரு குளிருக்கு வெளிய வெச்சா ஒண்ணும் ஆகாதுன்னு நெறைய பேரு நெனைக்கறாங்க. டிசம்பர்ல கூட நம்ம அடுப்படி ஃப்ரிட்ஜ் ஆகாதுங்க.

180 டிகிரில முக்கா மணி நேரம் சுடறோமே, கெட்டதெல்லாம் செத்துடாதா?

பாக்டீரியா சாகும், அது ஏற்கெனவே கக்கி வெச்ச விஷம் போகாது. மேல சொன்ன செரியஸ், சாதத்துல உண்டாக்குற வாந்தி விஷம் சூட்டுக்கு அசையவே அசையாது. இன்னொண்ணு, அவன் 180ல இருந்தாலும் லோஃப் நடுவுல 100 டிகிரியக் கூட தாண்டாது, உள்ள ஈரம் இருக்கற வரைக்கும்.

வாசனை மாறின குழம்பு, நூல் விட்ட சாதம், லேசா வழவழன்னு ஆன பருப்பு, இதெல்லாம் தூக்கிப் போட மனசு வராம "லோஃப்ல போட்டுடலாமே"ன்னு தோணும், எனக்கு இது விஷயமா போன் வந்துக்கிட்டே இருக்கு. மீந்தது வேற, கெட்டது வேற. கெட்டது ஈரக் குப்பைக்குதான். சண்டை காலத்துல பட்டினிக்கு பயந்து சமைச்சவங்க கூட மீந்த அன்னிக்கே மூடி குளிர்ந்த இடத்துல வெச்சு மறுநாளே தீத்தாங்க, நாள் கணக்கா சேத்து வெச்சு செய்யற பலகாரமா இத அவங்க நெனைக்கல.

எங்க பாட்டி சாதத்த ராத்திரி முழுக்க வெளியதானே வெச்சாங்க?

தண்ணி ஊத்தி வெச்சாங்க. தண்ணில ஊறி புளிக்கும்போது லாக்டிக் அமிலம் சேந்து, கெட்ட கிருமி வளர முடியாத அளவுக்கு புளிப்பு ஏறும். நாம காஞ்ச சாதத்த குக்கர்லயே மூடி வெச்சுட்டு தூங்கப் போறோம். ரெண்டும் ஒண்ணு இல்லங்க.

ஃப்ரிட்ஜ்ல வெச்ச சாதம் வெற வெறன்னு இருக்கு, லோஃப்ல பருக்கை பருக்கையா பல்லுல மாட்டுது

குளிர்ல சாதத்துல இருக்கற மாவுச்சத்து இறுகிடும். அப்படியே போட்டா பால உறிஞ்சவும் உறிஞ்சாது, மத்ததோட ஒட்டவும் ஒட்டாது. ரெண்டு ஸ்பூன் தண்ணி தெளிச்சு மூடி போட்டு ஆவி வர சூடு பண்ணி, சூட்டோட பாதி சாதத்த மத்துல மசிச்சுக்கோங்க, மீதி பாதி பருக்கையாவே இருக்கட்டும். முழுசா மசிச்சா களி மாதிரி இருக்கும், மசிக்காமலே விட்டா உதிரும், இந்த பாதிக்குப் பாதிதான் எனக்கு நல்லா வருது. முட்டை ஊத்தறதுக்கு முன்னாடி ஆறியிருக்கணும், இல்லன்னா முட்டை அங்கயே வெந்து பொரியல் ஆயிடும்.

உப்பு எவ்ளோ? ரெசிபில இருக்கற ஒரு ஸ்பூன் போட்டேன், வாயில வெக்க முடியல

பழைய புக்குல இருக்கற அந்த ஒரு ஸ்பூன், உப்பு போடாம வடிச்ச வெறும் சாதத்துக்கு சொன்னது. நம்ம மீந்ததுல ஏற்கெனவே உப்பு, புளி, காரம் எல்லாம் இருக்கு. பிரெட்ல உப்பு இருக்கு, கடையில வாங்கின வறுகடலைல உப்பு இருக்கு, அமுல் வெண்ணெய்ல உப்பு இருக்கு, சிலர் மேல சீஸ் வேற போடறாங்க. முட்டை ஊத்தறதுக்கு முன்னாடி கலவைய ஒரு சிட்டிகை வாயில போட்டு பாருங்க, சாப்பிடற உப்பு இருந்தா கொஞ்சூண்டு மட்டும் சேருங்க, முட்டையும் பாலும் அத இழுத்துக்கும். வெறும் சாதமும் பருப்பும் மட்டும்னா முக்கால் ஸ்பூன் சரியா இருக்கும்.

வெட்டினா உதிர்ந்து புட்டு மாதிரி ஆயிடுது. எங்க தப்பு?

நாலு இடத்துல ஒண்ணா இருக்கும். பெரும்பாலும் சூடா வெட்டியிருப்பீங்க. இல்லன்னா சாதத்த மசிக்காம போட்டிருப்பீங்க. இல்லன்னா டின்ல லேசா கொட்டி விட்டிருப்பீங்க, கரண்டி அடிப்பக்கத்தால நல்லா அமுக்கி, டின்ன மேடைல ரெண்டு தட்டு தட்டணும், உள்ள காத்து நின்னா அந்த இடத்துல பிளக்கும். நாலாவது, கடலை பெரிசு பெரிசா முழுசா இருந்திருக்கும், கத்தி அதுல இடிச்சு ஸ்லைஸ தள்ளி விடும்.

ரம்பப் பல்லு கத்திய முன்னும் பின்னும் இழுத்து வெட்டுங்க, அழுத்தாதீங்க. ஒரு விரல் மொத்தத்துக்கு கம்மியா ஸ்லைஸ் போட ஆசைப்படாதீங்க.

மேல கருகிடுச்சு, உள்ள பச்சையா இருக்கு

சின்ன ஓடிஜில மேல ராடுக்கும் டின்னுக்கும் நாலு விரக்கடை இடம் கூட இருக்காது. கம்பித் தட்ட கீழ்ப்படில போடுங்க, முதல் அரை மணி நேரம் டின்ன ஃபாயில் போட்டு மூடி, கடைசி கால் மணி நேரம் திறந்து விடுங்க. அப்படியும் நடுவுல ஈரமா இருந்தா அடுப்பு மேல தப்பு இல்ல, கலவைல தண்ணி ஜாஸ்தி, கூட்டோ பிசிபேளாபாத்தோ போட்டுட்டு பால குறைக்காம விட்டிருப்பீங்க. அடுத்த தடவ கூட்ட கடாய்ல சுண்ட விட்டு அப்புறம் சேருங்க.

வெந்துடுச்சான்னு எப்படி பாக்கறது? கேக்குக்கு குத்தற குச்சி சரியா?

குச்சி இங்க ஏமாத்தும், சீஸ் போட்டிருந்தா வெந்தாலும் ஒட்டும். மெல்லிசு கத்திய நட்ட நடுவுல சொருகி பத்து எண்ணி எடுத்து கைவிரல் பின்பக்கத்துல தொட்டுப் பாருங்க, சுருக்குன்னு சுடணும். ஓரம் டின்ன விட்டு விலகியிருக்கும், நடுவுல விரலால அமுக்கினா கெட்டியா எதிர்த்து நிக்கும். சமையல் தெர்மாமீட்டர் இருந்தா பிரச்சினையே இல்ல, நடுவுல 74 டிகிரி காட்டணும், மீந்தது, முட்டை, கறி எல்லாத்துக்கும் அது போதும்.

பசங்க டிபனுக்கு குடுத்து விடலாமா? ஸ்கூல்ல வேர்க்கடலை கூடாதுன்னு சொல்லிட்டாங்க

தாராளமா. கடலைக்கு பதிலா பொட்டுக்கடலைய, இங்க மளிகைக் கடைல ஹுரிகடலைன்னு கேட்டா தருவாங்க, லேசா வறுத்து கரகரப்பா பொடிச்சு போடுங்க. வெள்ளரி விதை, பூசணி விதையும் போடலாம். கொஞ்சம் எண்ணெய்ப்பசை கம்மி ஆகும், அதனால வெண்ணெய் ஒரு ஸ்பூன் கூட்டுங்க. நாலு வயசுக்கு கீழ இருக்கற குழந்தைக்கு எந்தக் கடலையா இருந்தாலும் மாவா பொடிச்சு போடுங்க, முழு கடலை தொண்டைல மாட்டும்.

அந்தக் காலத்துல வேர்க்கடலை போட்டதுக்கு காரணம் மலிவு, புரதம், கொழுப்பு மூணும் ஒண்ணா கிடைச்சதுதான். கார்வர்னு அமெரிக்க விஞ்ஞானி ஒருத்தர் 1916லயே வேர்க்கடலைய 105 விதமா சமைக்கலாம்னு சின்ன புக்லெட்டே போட்டாரு, விவசாயிங்களுக்காக. உங்களுக்கு ஆகலன்னா மாத்திக்கறதுல தப்பே இல்ல, கடிக்கற வேலைய ஒண்ணு செஞ்சா போதும்.

பாலுக்கு பதிலா மீந்த ரசம் ஊத்தலாமா?

ஊத்தலாம், நல்லாவே இருக்கும், தெளிவா மேல நிக்கறத மட்டும் எடுத்துக்கோங்க. ஆனா ரசமும் பாலும் சேத்து ஊத்தாதீங்க, திரிஞ்சுடும். சாம்பார்னா காய எடுத்து மசிச்சு உடம்புல சேருங்க, தண்ணிய மட்டும் பால் அளவுக்கு. ரசமோ சாம்பாரோ ஊத்தினா லோஃப் நெறம் பழுப்பா வரும், பயந்துடாதீங்க.

சப்புன்னு இருக்கு அக்கா. மசாலா போட்டா அது பழைய ரெசிபியா இருக்குமா?

சண்டை காலத்துல வெங்காயமே கிடைக்காம திண்டாடின ஊரு இங்கிலாந்து, இருந்த உப்பு மிளகுல செஞ்சாங்க. ஒரு தடவையாவது அப்படியே செஞ்சு பாருங்கன்னு சொல்வேன், வெண்ணெய்ல வதங்கின வெங்காயமும் வறுத்த கடலையும் மட்டும் என்ன ருசி குடுக்குதுன்னு அப்பதான் தெரியும். அப்புறம் உங்க இஷ்டம். நான் வெங்காயம் வதக்கும்போது பச்சைமிளகா, இஞ்சி, கறிவேப்பிலை போடறேன், கொஞ்சம் சப்சிகே சொப்பு, அதான் சோயிக்கீரை, பொடியா நறுக்கி போடறேன். கரம் மசாலா மட்டும் வேணாம், கடலை வாசனைய அமுக்கிடும்.

தொட்டுக்க தக்காளித் தொக்கு பொருத்தமா இருக்கும், அங்கயும் தக்காளி சாஸ் ஊத்திதான் பரிமாறுவாங்க.

பிரியாணி, சிக்கன் மீந்தா போடலாமா?

எலும்பு எடுத்துட்டு கறிய பொடியா நறுக்கி ஒரு கப் வரைக்கும், கடலைக்கு பதிலா. கடிக்கற வேலைய கறி பாத்துக்கும். பிரியாணில எண்ணெய் இருக்கும், வெண்ணெய பாதியாக்குங்க. பட்டை, கிராம்பு, ஏலக்காய் எல்லாத்தையும் தேடி எடுத்துடுங்க, ஸ்லைஸ்ல கடிபட்டா யாரும் மறுபடி கேக்க மாட்டாங்க. ஏற்கெனவே ஒரு தடவ ஃப்ரிட்ஜ்ல இருந்து எடுத்து சூடு பண்ணி மறுபடி உள்ள வெச்ச கறிய தொடாதீங்க.

மாமியார் பழசு, மீந்தது எதையும் தொட மாட்டாங்க. சொல்லாம குடுத்துடலாமா?

வேணாம். இத மட்டும் கண்டிப்பா சொல்றேன். ஒருத்தர் ஒண்ண சாப்பிடறதில்லன்னு வெச்சிருந்தா, அது ஆசாரமோ வயித்துக்கு ஆகாததோ, அத மறைச்சு ஊட்டறது சமையல் இல்ல. முட்டை விஷயமும் அப்படித்தான். அவங்களுக்காக அன்னிக்கு காலைல வடிச்ச சாதத்துலயும் அப்ப வெந்த பருப்புலயும் கடலை மாவு போட்டு செய்யுங்க, பிரெட் தூளுக்கு பதிலா அவலை பொடிச்சு பாலோட ஊற விடுங்க. புதுசா வடிச்ச சாதம் நல்லா பிடிச்சுக்கும், சொல்லப்போனா மீந்ததுல செய்யறத விட வெட்ட சுலபம்.

நடுவுல கரண்ட் போயிடுச்சுன்னா?

கதவ திறக்காதீங்க. பத்து பதினஞ்சு நிமிஷம் உள்ள சூடு நிக்கும், அதுக்குள்ள வந்துடுச்சுன்னா போன நேரத்த கூட்டி விட்டா போதும். வரலன்னா காத்திருக்காம டின்ன ஃபாயில் போட்டு மூடி இட்லி பானைக்கு மாத்திடுங்க, பாதி வெந்த முட்டைக் கலவை வெதுவெதுன்னு மணிக்கணக்கா நிக்கக் கூடாது.

லோஃபே மீந்துடுச்சே, இத எத்தனை நாள் வெக்கலாம்?

இங்கதான் எல்லாரும் கணக்கு விடறாங்க. சுட்ட நாள்ல இருந்து எண்ணாதீங்க, உள்ள போன பழைய சாமான்ல எது ரொம்ப பழசோ அது சமைச்ச நாள்ல இருந்து எண்ணுங்க. திங்கக்கிழமை பொரியல் போட்டு புதன்கிழமை லோஃப் செஞ்சா அது வியாழக்கிழமைக்குள்ள தீரணும். நேத்து சாதத்துல செஞ்சதுன்னா அன்னிக்கே முடிச்சுடுங்க.

அதுக்குள்ள தீராதுன்னு தெரிஞ்சா சுட்ட அன்னிக்கே ஸ்லைஸ் போட்டு, நடு நடுவுல பட்டர் பேப்பர் வெச்சு ஃப்ரீசர்ல போட்டுடுங்க, ஒரு மாசம் வரைக்கும் ருசி மாறாம இருக்கும். எடுத்ததும் வெளிய வெச்சு உருக விடாம, நேரா தோசைக்கல்லுல சின்ன தீயில மூடி போட்டு, நடு வரைக்கும் சூடேறினதும் திறந்து சிவக்க விடுங்க. ஒரு தடவ சூடு பண்ணத மறுபடி ஃப்ரிட்ஜ்ல வெக்காதீங்க.

எங்க வீட்ல ராகி முத்தேதான் மீறும். சாதத்துக்கு பதிலா அத போடலாமா?

முழுசா மாத்தினா வராது. ராகி களி ஆறினதும் ரப்பர் மாதிரி இறுகிடும், பால உறிஞ்சாது, வெந்தாலும் நடுவுல பிசுபிசுன்னு நிக்கும். 2 கப்புல அரை கப் மட்டும் முத்தே, மீதி ஒன்றரை கப் சாதம்னு வெச்சுக்கோங்க. முத்தேய கையால சின்ன சின்னதா கிள்ளி, பிரெட் தூள் ஊறற பால்லயே சேத்து ஊற விட்டு மசிச்சுடுங்க. முட்டை ரெண்டும் போடணும், கடலை மாவு மட்டும் வெச்சு இத நிக்க வெக்க முடியல. பச்சைமிளகாயும் சோயிக்கீரையும் கொஞ்சம் தூக்கலா போடுங்க, ராகிக்கு அது நல்லா பிடிக்கும்.